ஒரு பவுண்டு மருந்து, நூறு தோட்டா

மொண்டானா மாநிலத்தின் பரப்பு தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மக்களோ மதுரை மாநகராட்சி அளவுக்குத்தான். இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பில்லிங்ஸ் நகரத்தைத் தாண்டி, 94ஆம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கே போகத் தொடங்கிய பிறகுதான் அது உறைத்தது. ஒரு பக்கம் எல்லோஸ்டோன் ஆறு. கரையோரம் மட்டும் காட்டன்வுட் மரங்கள். அதற்கு அப்பால் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பூத்த புதர், மஞ்சள் மணற்பாறைக் குன்று, மறுபடி புதர். வீடு என்று ஒன்று தென்பட்டால் அடுத்த வீட்டுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நிலக்கரி ஏற்றிய ரயில் ஒன்று எங்களோடு கொஞ்ச தூரம் ஓடியது. அதன் தலையும் வாலும் ஒரே பார்வைக்குள் அடங்கின, அவ்வளவு வெட்டவெளி.

வழியில் பாம்ப்பீஸ் பில்லர் என்ற ஒற்றைப் பாறை. இந்த ஆற்று வழியே நாட்டை ஆராய்ந்து வந்த வில்லியம் கிளார்க் 1806 ஜூலை 25 அன்று அதில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போனார். வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது அதே மாதம் பத்தாம் தேதி. கிளார்க்கின் எழுத்துகளுக்கு இப்போது கண்ணாடி போட்டுக் காவல் காக்கிறார்கள். இந்த ஆற்றங்கரையில் தான் கண்ட விலங்குகளின் எண்ணிக்கையை எழுதினால் ஒருவரும் நம்ப மாட்டார்கள், ஆகவே எழுதப்போவதில்லை என்று அவர் தன் குறிப்பேட்டில் ஒதுங்கிக்கொண்டார். சில நாள் கழித்து, பைசன் என்னும் காட்டெருதுகளின் மந்தை ஒன்று ஆற்றைக் கடந்து முடிக்கும்வரை படகைக் கரையில் ஒதுக்கிக் காத்துக் கிடந்தார். நான் போன வழி நெடுக மேய்ந்தவை எல்லாம் கறுப்பு ஆங்கஸ் மாடுகள். பைசன் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

உண்மையில் நான் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தைப் பார்க்கத்தான் வந்தேன். பில்லிங்ஸில் மருத்துவராக இருக்கும் நண்பர், "அதை நாளைக்குப் பார்க்கலாம். முதலில் ஃபோர்சித்துக்கு வா. அங்கே ஒருத்தர் துப்பாக்கித் தோட்டாவைக் கையாலேயே செய்கிறார்" என்றார். ஃபோர்சித் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் அதன் புறத்தே உள்ள புல்வெளியில் ஒரு திருவிழாக் கூட்டம் கூடுகிறது. 1990இல் டாம் செல்லெக் நடித்து வந்த ஒரு படத்தின் நாயகன் குவிக்லி. அவன் பெயரில் நடக்கும் துப்பாக்கிப் போட்டி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மாதிரி நீளத் துப்பாக்கிகளுக்கு மட்டுமே அனுமதி. பெரும்பாலும் பெரிய குழாய், ஒரே ஒரு தோட்டா. சுட்டால் மறுபடி திறந்து இன்னொன்றைப் போட வேண்டும்.

நண்பர் சொன்ன அந்தப் பெரியவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கார் நிறுத்தும் கொட்டகையில் பாதியைப் பட்டறையாக்கி வைத்திருந்தார். உள்ளே நுழைந்ததும், "நீங்கள் விசாவில் வந்தவரா?" என்று கேட்டார். ஆம் என்றேன். "அப்படியானால் எதையும் தொட வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள்." சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்கச் சட்டத்தில் தடை இருக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. என்னிடம் அப்படி எதுவும் இல்லை. துப்பாக்கி என்றால் தாராளம் என்று நான் எண்ணியிருந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் இது. எனக்கு அவரை அப்போதே பிடித்துவிட்டது.

சுவரில் சாய்ந்து நின்றது ஒரு ஷார்ப்ஸ் துப்பாக்கி. கிறிஸ்டியன் ஷார்ப்ஸ் 1848இல் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் பேரப்பிள்ளை. அடியில் உள்ள வளையத்தைக் கீழே இழுத்தால் குழாயின் பின்கதவாக இருக்கும் கனத்த எஃகுக் கட்டி அப்படியே செங்குத்தாக இறங்கும். தோட்டாவை உள்ளே தள்ளி, வளையத்தை மேலே தூக்கினால் கதவு சாத்திக்கொள்ளும். அவ்வளவுதான் இயந்திரம். மூல நிறுவனம் 1880களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. இப்போது இவற்றை அச்சு மாறாமல் செய்து தருகிறவர்கள் இதே மொண்டானாவில், பிக் டிம்பர் என்ற சிற்றூரில் இருக்கிறார்கள்.

பெரியவருடையது 45-70. முதல் எண் குழாயின் குறுக்களவு, அங்குலத்தில் நூறில் நாற்பத்தைந்து பங்கு. இரண்டாவது எண் கருமருந்தின் எடை, 70 கிரெயின். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம். 1873இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட அளவு இது. பெயரிலேயே செய்முறையின் பாதி எழுதியிருக்கும் பொருள் வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

குண்டு வார்ப்பதிலிருந்து வேலை தொடங்கியது. இருபது பங்கு ஈயம், ஒரு பங்கு வெள்ளீயம். வாணலி மாதிரி ஒரு மின்பாத்திரத்தில் அது பளபளவென்று உருகிக் கிடந்தது. கதவும் சன்னலும் திறந்திருந்தன. பக்கத்தில் தண்ணீர்க் குவளைகூட வைக்க விடவில்லை. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு வியர்வை உள்ளே அமிழ்ந்தால் போதும், நீராவியாகி வெடித்து ஈயத்தை முகத்தில் அடிக்கும். அவர் கரண்டியால் மொண்டு அச்சில் ஊற்றினார், எண்ணினார், தட்டித் திறந்தார். குண்டு ஒன்று துணியில் விழுந்தது. ஓரத்தில் ஒரு சிறு மழுங்கல். அதைத் திரும்பவும் பாத்திரத்திலேயே போட்டார். அச்சு சரியான சூட்டுக்கு வரும்வரை வந்ததையெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தார். நல்லவை எனத் தேறியவற்றையும் ஆறிய பிறகு ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். உள்ளே கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழ் இருந்தால் எடை காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு குண்டும் 34 கிராம் அளவில் நின்றது. ஒரு கிரெயினுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதற்குப் போட்டியில் இடமில்லை.

குண்டின் இடுப்பில் வரிவரியாகப் பள்ளங்கள். அவற்றில் தேன்மெழுகும் கொழுப்பும் கலந்த களிம்பை அப்பினார். அந்த வாசனை வந்ததும் எனக்கு 1857 நினைவுக்கு வந்தது. என்ஃபீல்டு துப்பாக்கியின் காகிதத் தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவியிருக்கிறது என்று கல்கத்தா பக்கத்து டம்டமில் கிளம்பிய பேச்சு எதில் போய் முடிந்தது என்பதை அவருக்குச் சொன்னேன். வாயால் கடித்துத்தான் அந்தத் தோட்டாவைப் பிரிக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் களிம்பு டப்பாவை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். "இது எதற்கு என்று அவர்களுக்கு யாராவது விளக்கினார்களா?" என்று கேட்டார். கேள்வி சரியானதுதான், அதற்கு விடை சொல்ல எனக்கு அரை நாள் தேவைப்பட்டிருக்கும்.

இப்போது அவர் பித்தளைக் கூடுகளை எடுத்தார். சென்ற ஆண்டு சுட்டவை. அடிப்பகுதியின் நடுவில் இருப்பது மருந்துக்குத் தீ வைக்கும் கேப். குத்துப்பட்ட பழையதைத் தட்டி எடுத்துவிட்டு, புதியதை அழுத்திப் பொருத்தினார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்கர்கள் இன்று பயன்படுத்துவது ஆங்கிலேயரான பாக்ஸர் கண்டுபிடித்த கேப். ஐரோப்பாவில் வேரூன்றியதோ அமெரிக்கரான பெர்டன் உருவாக்கியது. பாக்ஸர் கேப்பில் கூட்டின் நடுவில் ஒரே ஒரு துளை. ஊசியை விட்டு ஒரு தட்டுத் தட்டினால் வெளியே வந்துவிடும். மறுபடி நிரப்புகிறவனுக்கு அதுதான் தோது. அமெரிக்க ராணுவத்தின் முதல் 45-70 தோட்டாக்களில் அந்த வசதியும் இல்லை. செம்புக் கூடு, கேப் உள்ளேயே அடைபட்டிருக்கும். சுட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

மருந்து நிரப்புவதைப் பார்க்க நான் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டேன். தராசில் 70 கிரெயினை நிறுத்து நேரே கூட்டில் கொட்டுவார் என்று எண்ணியிருந்தேன். அவரோ சுவரில் மாட்டியிருந்த இரண்டடி நீளப் பித்தளைக் குழாயின் அடியில் கூட்டை வைத்து, மேல்வாயில் புனல் வைத்து, மருந்தை மெல்ல, மிக மெல்ல விட்டார். மணல் சரிவதுபோல ஓசை. நம் ஊர் நெல் வியாபாரி படியைக் குலுக்கிக் குலுக்கி அளப்பானே, அதே கணக்கு. உயரத்திலிருந்து ஒவ்வொரு மணியாக விழும்போது அது தனக்கான இடத்தைத் தேடி அமர்ந்துகொள்கிறது. அவசரமாகக் கொட்டினால் வழியும் அதே 70 கிரெயின், குழாய் வழியே போனால் கூட்டுக்குள் அடங்கி மேலே ஓர் அட்டை வட்டு வைக்க இடமும் விடுகிறது. பிறகு அதன் தலையில் ஓர் எஃகுத் தண்டை இறக்கி அளவாக அழுத்தினார். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே காற்று இருக்கவே கூடாது. இருந்தால் குழாயின் உட்புறம் வளையமாகப் புடைத்துப் பாழாகிவிடலாம். கடைசியாகக் குண்டைக் கையாலேயே செருகினார்.

அந்த மேசையில் புகையில்லா நவீன மருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. அதை வேறு அறையில் பூட்டி வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே கறுப்பு. கருமருந்து நிரம்பும் அளவுக்கு மற்றதைக் கூட்டில் நிரப்பினால் துப்பாக்கி கையிலேயே பிளந்துபோகும். "தவறு செய்துவிட்டுத் திருத்திக்கொள்ளும் இடம் இது இல்லை" என்றார். பேசும்போது நிரப்ப மாட்டார். நிரப்பும்போது பேச மாட்டார்.

கருமருந்து என்பது முக்கால் பங்கு வெடியுப்பு. மிச்சம் கரியும் கந்தகமும். அந்த வெடியுப்புக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிகாரில் நுனியா சாதியினர் மாட்டுத்தொழுவத்து மண்ணையும் மண்சுவர் அடியில் பூத்த உப்பையும் சுரண்டி, கரைத்து, காய்ச்சி எடுத்ததுதான் உலகத்தின் பெரும்பகுதிப் போர்களுக்கு ஊட்டமாக இருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல், வெடிமருந்து செய்துவந்த டூபாண்ட் குடும்பத்தின் லாமோட் டூபாண்ட் லண்டனுக்கு ஓடினார். கையிருப்பில் கிடைத்த இந்திய வெடியுப்பை எல்லாம் வாங்கிக் குவித்தார். ஒரு கப்பல் தகராறில் கோபமடைந்த பிரிட்டன், அதை ஏற்ற விடாமல் சில வாரங்கள் தடுத்தும் வைத்தது. பாட்னா பக்கத்துத் தொழுவ மண் லிங்கனின் படைக்குப் போய்ச் சேர்ந்த வழி அது.

இரவு பத்து மணிக்கு மேசையில் ஐம்பது தோட்டாக்கள் வரிசை கட்டி நின்றன. இவ்வளவு பொறுமையும் எதற்கு என்று கேட்டேன். ஒரு தாளில் வளைகோடு வரைந்து காட்டினார். போட்டியின் மிகத் தொலைவான இலக்கு, பைசன் வடிவில் வெட்டிய இரும்புத் தகடு, 805 கஜத்தில் இருக்கிறது. இந்தக் கனத்த, மெதுவான குண்டு அங்கே போய்ச் சேர இரண்டரை நொடி ஆகும். அதற்குள் குழாய் நோக்கும் கோட்டிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் கீழே விழுந்துவிடும். ஆகவே ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியைக் குறிவைத்து அதன் வாசலில் அடிக்கிற வேலை. புறப்படும் வேகம் நொடிக்கு மூன்று மீட்டர் கூடிக் குறைந்தால் அங்கே கிட்டத்தட்ட ஒரு முழம் மேலோ கீழோ போகும். மங்கலான கொட்டகையில் இரவு நடந்த சிறு அலட்சியம், மறுநாள் வெயிலில் முக்கால் கிலோமீட்டர் தள்ளி வெளிச்சத்துக்கு வருகிறது.

இந்தக் கலை கூர்மை பெற்றதைக் காட்ட அவர் சொன்ன கதை, 1874 செப்டம்பரில் நியூயார்க் பக்கத்துக் கிரீட்மூரில் நடந்த போட்டி. அயர்லாந்து அணி முன்வாயில் கெட்டிக்கும் துப்பாக்கிகளோடு வந்தது. அமெரிக்கர்கள் ரெமிங்டன், ஷார்ப்ஸ் துப்பாக்கிகளைப் பின்புறம் திறந்து தோட்டா போட்டார்கள். 800, 900, 1,000 கஜம். முடிவு, அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் இலக்கின் நட்டநடுவில் அடித்தார், ஆனால் பக்கத்து இலக்கில். அந்தச் சூட்டுக்கு மதிப்பெண் பூச்சியம். சரியான பலகையில் விழுந்திருந்தால் நான்கு. கூட்டிப் பாருங்கள்.

எனக்கோ அந்த இரவு வேறொரு கூட்டல் மனத்தில் ஓடியது. ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். அப்படியானால் ஒரு பவுண்டு மருந்தில் சரியாக நூறு தோட்டா. அந்தக் காலத்தில் மருந்து 25 பவுண்டுச் சிறு பீப்பாய்களில் வந்தது. ஒரு பீப்பாய் 2,500 தோட்டா. இதை ஒரு வண்டியில் ஏற்றி, கூடவே ஈயப் பாளமும் கேப் டப்பாக்களும் ஓர் அச்சும் போட்டுக்கொண்டால், கடையே இல்லாத இந்தப் புல்வெளியில் ஓர் ஆள் மாதக்கணக்கில் சுட்டுக்கொண்டிருக்கலாம். பகலில் சுட்ட கூட்டை இரவில் தீயருகே உட்கார்ந்து நிரப்புவது. பைசன் வேட்டைக்காரர்கள் செய்தது அதுதான்.

ஒரே தோட்டாத் துப்பாக்கி என்றால் மெதுவானது, ஆகவே கொஞ்சம் இரக்கமுள்ளது என்று நினைக்கத் தோன்றுகிறது. இங்கே அந்த நினைப்பு எடுபடாது. வேட்டைக்காரனுக்கு வேகம் தேவையே இல்லை. காற்றுக்கு எதிரே இருநூறு, முந்நூறு கஜத்தில் படுத்து, மந்தையை நடத்தும் பசுவை முதலில் வீழ்த்துவான். மற்றவை ஓடாமல் அதைச் சுற்றிச் சுற்றி மோந்துகொண்டு நிற்கும். விலகப் பார்க்கிற அடுத்ததைச் சுடுவான். வேகமாகச் சுட்டால் குழாய் கொதித்துக் குறி தப்பும். ஆகவே மெதுவாகச் சுடுவதே முறை. அன்று எத்தனை சுடுவது என்பதைத் துப்பாக்கி தீர்மானிக்கவில்லை. தோலுரிக்க எத்தனை ஆட்கள் இருக்கிறார்கள் என்பதே தீர்மானித்தது. 1870களின் தொடக்கத்தில் பைசன் தோலைப் பதனிட்டு இயந்திரங்களுக்கான பட்டைகள் செய்யும் வழி கைவந்துவிட்டது. நார்தர்ன் பசிபிக் ரயில் 1881இல், ஃபோர்சித்துக்குக் கிழக்கே உள்ள மைல்ஸ் சிட்டியைத் தொட்டது. 1883 இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரர்கள் வழக்கம்போல மருந்தும் ஈயமும் கடன் வாங்கிக்கொண்டு புல்வெளிக்குப் போனார்கள். மந்தை வடக்கே கனடாவுக்குப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று காத்திருந்தார்கள். திரும்பி வர ஒன்றும் மிச்சமில்லை. அந்தக் குளிர்காலத்தில் மொண்டானாவின் வடக்கே பிளாக்ஃபீட் மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியால் செத்தார்கள்.

கிளார்க் எண்ணிக்கை எழுத மறுத்துச் சரியாக எண்பது ஆண்டு கழித்து, 1886இல், வில்லியம் ஹார்னடே என்பவர் மைல்ஸ் சிட்டியில் வந்து இறங்கினார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்க நல்ல பைசன் மாதிரிகள் இல்லை என்று கண்டு, இனம் அற்றுப்போகும் முன் சிலவற்றையாவது சேகரிக்க வந்தவர். தேடித் தேடி இருபத்தைந்து போலக் கிடைத்தன. சுட்டுத்தான் சேகரித்தார். பிறகு அதே மனிதர் பைசனைக் காப்பாற்றும் இயக்கத்தின் முன்னோடியானார், நியூயார்க்கின் பிராங்க்ஸ் விலங்குக்காட்சிச் சாலையின் முதல் இயக்குநரானார். ஹார்னடே மொண்டானாவுக்கு வருவதற்கு ஒன்பது ஆண்டு முன்னால் நம் ஆனைமலையில் இருந்தார். 1877இல் தூணக்கடவுப் பக்கம் கூடாரம் அடித்து யானை, புலி, காட்டெருமை எல்லாம் வேட்டையாடி, தோலும் எலும்புமாக அமெரிக்காவுக்கு அனுப்பினார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1885இல் வந்தது. அங்கே அவர் கையில் இருந்த மேனார்ட் துப்பாக்கியும் ஒரே தோட்டாச் சாதிதான்.

மறுநாள் காலை புல்வெளியில் முதல் வெடி கேட்டதும் நான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. நவீனத் துப்பாக்கியின் சொடுக்கு இல்லை. அடிவயிற்றில் இறங்கும் ஒரு 'தொம்'. கூடவே வெள்ளைப் புகை, அழுகிய முட்டை நாற்றம். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் வாயுவாகாமல் திடப்பொருளாகவே மிஞ்சும். புகையும் கரியும் அதுதான். காற்று புகையை ஒதுக்கும்வரை சுட்டவருக்கே எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருப்பவர்தான் அவருக்குக் கண். இரண்டரை நொடியில் குண்டு தகட்டைத் தொடுகிறது. தொட்ட ஓசை திரும்பி வர இன்னும் இரண்டு நொடி. அந்த இடைவெளியில் பெரியவர் வளையத்தை இறக்கி, காலிக் கூட்டை உருவி, பக்கத்தில் வைத்துவிடுகிறார். அப்புறம்தான், ஏதோ தொலைதூரக் கோயிலில் யாரோ மணியடித்த மாதிரி, 'டங்'.

ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அவர் ஒரு சிறு பிளாஸ்டிக் குழலைத் துப்பாக்கியின் பின்வாயில் செருகி, வாயை வைத்து நீளமாக மூச்சு விட்டார். முதலில் ஏதோ சடங்கு என்று நினைத்தேன். மூச்சின் ஈரம் உள்ளே படிந்த கரியை இளக்குகிறது. இல்லாவிட்டால் அது காய்ந்து இறுகி அடுத்த குண்டின் போக்கைக் கெடுக்கும். வறண்ட காற்று வீசும் நாளில் ஒன்றிரண்டு மூச்சு கூடுதலாக விட வேண்டும். வரிசையாகக் கிடந்த அத்தனை பேரும் தத்தம் துப்பாக்கிக்குள் ஊதிக்கொண்டிருந்த காட்சியை இனி எங்கும் பார்ப்பேன் என்று தோன்றவில்லை.

மதியம் வண்டியின் பின்னால் ஒரு டப்பாவில் சோப்புத் தண்ணீர் வைத்து, காலிக் கூடுகளை அதில் போட்டுக் குலுக்கினார். கரி அப்படியே இருந்தால் பித்தளையை அரித்துவிடும். வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்க முடியாது. நான் ஹார்னடே ஆனைமலைக்கு வந்த கதையைச் சொன்னேன். ஹார்னடேயின் மொண்டானாக் கதை அவருக்கு மனப்பாடம், இது புதிது.

"அந்தக் காட்டெருமைகள் அங்கே மிச்சம் இருக்கின்றனவா?"

"இருக்கின்றன. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே வந்து நிற்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டுப் போவார்கள்."

"எவ்வளவு தூரத்தில்?"

"சில சமயம் இருபது கஜம்."

டப்பாவைக் குலுக்குவதை நிறுத்தினார். அங்கே வருவதானால் எந்த மாதத்தில் மழை இருக்காது என்று கேட்டார். ஜனவரி என்றேன், அட்டைக்கடியும் குறைவாக இருக்கும்.